டெட்ராய்ட் மீண்டுவிட்டதா? ஒரு நகர மையம் காலியான கதையும் நிரம்பும் கணக்கும்

2013 ஜூலையில் டெட்ராய்ட் மாநகராட்சி மஞ்சள் கடுதாசி கொடுத்தது. கடன், ஓய்வூதியப் பாக்கி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,800 கோடி டாலர். அமெரிக்காவில் எந்த நகராட்சியும் அதற்குமுன் அவ்வளவு பெரிய தொகையில் திவாலானதில்லை. பதினோரு ஆண்டு கழித்து, 2024 ஜூனில், 1988 முதல் பாழடைந்து கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் புதுப்பித்துத் திறந்தது. அந்த ஆண்டிலேயே, 1957-க்குப் பிறகு முதல்முறையாக நகரின் மக்கள்தொகை கூடியிருப்பதாக அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் மதிப்பீடும் வந்தது. ‘டெட்ராய்ட் எழுந்துவிட்டது’ என்று பத்திரிகைகள் எழுதின. டவுன்டவுன், அதாவது நகர மையம், மட்டும்தான் எழுந்திருக்கிறது, ஊர் அப்படியேதான் கிடக்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் பலர் பதில் சொன்னார்கள்.

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. டவுன்டவுனுக்கு ஒரு கணக்குப் புத்தகமும் ஊருக்கு வேறொரு கணக்குப் புத்தகமும் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். அந்தப் புத்தகங்கள் எப்படிப் பிரிந்தன என்று தெரிந்தால் மற்றது தானாக விளங்கும்.

எந்த டெட்ராய்ட்?

அந்தப் பெயரில் மூன்று இடங்கள் இருக்கின்றன.

1. பெருநகர வட்டாரம். 40 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், நூற்றுக்கு மேற்பட்ட சிறு நகராட்சிகள். ‘டெட்ராய்ட்டில் வேலை’ என்று ஊரில் சொல்லப்படும் நம் பொறியாளர்களில் பலர் குடியிருப்பது நோவை, ட்ராய், கான்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் போன்ற இந்தப் புறநகர்களில்தான்.

2. டெட்ராய்ட் மாநகராட்சி. சுமார் 139 சதுர மைல். 1926-க்குப் பிறகு இதன் எல்லை விரியவே இல்லை, ஏனென்றால் சுற்றியிருந்த ஊர்கள் தனித்தனி நகராட்சிகளாகித் தங்களைப் பூட்டிக்கொண்டன.

3. டவுன்டவுன். ஆற்றை ஒட்டி ஒன்றரை சதுர மைல் இருக்கும்.

எல்லைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? போலீஸ், தீயணைப்பு, தெருவிளக்கு, குப்பை எல்லாவற்றுக்கும் அந்தந்த நகராட்சி தன் எல்லைக்குள் வசூலிக்கும் வரியிலிருந்துதான் பெரும்பாலும் செலவு செய்ய வேண்டும். 1994 வரை பள்ளிக்கூடங்களும் பெருமளவு உள்ளூர்ச் சொத்து வரியை நம்பித்தான் ஓடின. வடக்கு எல்லையான எய்ட் மைல் சாலையைத் தாண்டி ஒரு குடும்பம் வீடு மாறினால் அதன் சொத்து வரியும் தாண்டிப் போய்விடும். அதே ஆள் அதே வேலைக்கு தினமும் டெட்ராய்ட்டுக்கு வந்து போனாலும் அப்படித்தான்.

(சென்னையை ‘ஆசியாவின் டெட்ராய்ட்’ என்று எழுதுகிறவர்கள் கார்களின் எண்ணிக்கையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். எல்லையை வைத்துப் பார்த்தாலும் அந்த ஒப்புமைக்கு இடமுண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் எதுவும் சென்னை மாநகராட்சிக்குள் இல்லை. ஆனால் நம் நகராட்சிகள் மாநில அரசின் நிதியை நம்பும் அளவு அங்கே கிடையாது.)

காலியானது எப்படி?

‘1967 கலவரத்தால் வெள்ளைக்காரர்கள் ஓடினார்கள், அப்புறம் ஜப்பான் கார் வந்து ஊரை முடித்தது’ என்பது பரவலான விளக்கம். ஜப்பான் கார் போட்டியில் 1970-களுக்குப் பிந்தைய அடி உண்மைதான். ஆனால் வரிசையைப் பாருங்கள். நகரின் மக்கள்தொகை 18.5 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டது 1950-ல். 1947-க்கும் 1963-க்கும் இடையிலேயே நகரம் சுமார் 1,34,000 உற்பத்தி வேலைகளை இழந்திருந்தது. அமெரிக்கக் கார்கள் உலகை ஆண்ட காலம் அது. ஜப்பான் போட்டி கண்ணுக்கே தெரியவில்லை. போலீசுக்கும் கறுப்பர்களுக்கும் இடையே மூண்டு 43 பேர் உயிரிழந்த 1967 கலவரம் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த ஊரில்தான் வெடித்தது. அது சரிவை வேகப்படுத்தியது, தொடங்கி வைக்கவில்லை.

தொடங்கி வைத்தவை இவை:

1. ஆலைகள் இடம் கேட்டன. பழைய தொழிற்சாலைகள் பல மாடிக் கட்டடங்கள். போருக்குப் பிந்தைய உற்பத்தி முறைக்கு நீண்ட, ஒரே தளக் கொட்டகை வேண்டும். அவ்வளவு நிலம் நகருக்குள் இல்லை, புறநகரில் மலிவாகக் கிடைத்தது.

2. வீட்டுக் கடன் தோல் நிறம் பார்த்தது. 1930-களில் தொடங்கிய மத்திய அரசின் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் கறுப்பர்கள் வசிக்கும் பகுதிகளை ‘ஆபத்தானவை’ என்று ஒதுக்கியது. 1941-ல் எய்ட் மைல் அருகே ஒரு மனை வணிகர், கறுப்பர் குடியிருப்புக்கும் தன் மனைகளுக்கும் நடுவே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பிய பிறகே அவருடைய மனைகளுக்கு அந்த உத்தரவாதம் கிடைத்தது. சுவர் இன்றும் நிற்கிறது. வெள்ளையர் குடும்பங்களுக்குப் புறநகரில் மலிவுக் கடன் கிடைத்தது, கறுப்பர் குடும்பங்களுக்கு நகருக்குள்ளேயே கடன் கிடைக்கவில்லை.

3. நெடுஞ்சாலை வந்தது. 1956 சட்டத்தின்படி செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே தந்தது. டவுன்டவுனை ஒட்டி கறுப்பர்களின் கடைகளும் இசை அரங்குகளும் நிறைந்திருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவின் மேல் கிறைஸ்லர் நெடுஞ்சாலை போடப்பட்டது. அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் வாடகைக்காரர்கள் என்பதால், இடம் இழந்து போனபோது கைக்கு வந்தது சொற்பம். புறநகர்வாசிக்கு மட்டும் டவுன்டவுன் அலுவலகம் அரைமணி நேரப் பயணமாகிவிட்டது.

4. கடை வாடிக்கையாளரின் பின்னால் போனது. இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

உட்வர்ட் அவென்யூவில் ஹட்ஸன்ஸ் என்றொரு கடை இருந்தது. 410 அடி உயரம், 20 லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு. உலகின் மிகப் பெரிய பல்பொருள் அங்காடிகளில் ஒன்று. தன் வாடிக்கையாளர்கள் எந்தப் பக்கம் குடிபோகிறார்கள் என்பது விற்பனை ரசீது எழுதுகிற அந்த நிறுவனத்துக்கு மற்ற எவரையும்விட முன்பே தெரிந்திருக்கும். 1954-ல் எய்ட் மைலுக்கு அப்பால் சவுத்ஃபீல்டில் நார்த்லேண்ட் சென்டர் என்ற மாபெரும் ஷாப்பிங் மையத்தைக் கட்டித் திறந்தது வேறு யாருமில்லை, இதே ஹட்ஸன்ஸ்தான். தன் டவுன்டவுன் கடைக்குத் தானே போட்டி வைத்துக்கொண்டது என்று சொல்லலாம். போட்டியாளர் யாராவது திறப்பதற்குள் நாமே திறந்துவிடுவோம் என்று அவர்கள் நினைத்திருந்தால் வியாபாரக் கணக்கில் அது தப்பும் இல்லை. டவுன்டவுன் கடை 1983 ஜனவரியில் மூடப்பட்டது. 1998 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த இடம் பிறகு சுமார் இருபது ஆண்டு வெற்றிடமாகவே இருந்தது.

ஆட்கள் போனார்கள், குழாய்கள் போகவில்லை

இதற்குமேல் சரிவு தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும். பத்து வீட்டு அபார்ட்மெண்டில் ஆறு வீடு காலியானால் லிஃப்ட்டையும் மோட்டாரையும் பராமரிக்கிற செலவு மீதி நாலு வீட்டின் தலையில் விழும் இல்லையா, அதுதான் இங்கேயும் நடந்தது. 2020-ல் டெட்ராய்ட்டில் இருந்தவர்கள் 6.39 லட்சம் பேர். ஆனால் 139 சதுர மைலுக்குப் போட்ட சாலை, குடிநீர்க் குழாய், சாக்கடை, விளக்குக் கம்பம் எல்லாம் 18 லட்சம் பேருக்காகப் போட்டவை. ஓய்வுபெற்ற ஊழியர்களின் எண்ணிக்கையும் பழைய நகரத்தின் அளவில்தான் இருந்தது.

நகராட்சிக்கு இரண்டே வழி: வரியைக் கூட்டு அல்லது சேவையைக் குறை. டெட்ராய்ட் இரண்டையும் செய்தது. 1962-ல் நகர வருமான வரி வந்தது. சொத்து வரி விகிதம் மிச்சிகனிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாயிற்று. வரி கூடக்கூட, போக முடிந்தவர்கள் போனார்கள். திவாலான சமயத்தில் தெருவிளக்குகளில் ஏறத்தாழ 40 சதவீதம் எரியவில்லை.

டவுன்டவுனில் இந்தச் சரிவு எப்படி இருந்தது என்பதற்கு பேக்லி அவென்யூவில் ஒரு கட்டடமே சாட்சி. ஹென்றி ஃபோர்டு தன் முதல் காரை உருவாக்கிய பட்டறை இருந்த இடத்தில் 1926-ல் மிச்சிகன் தியேட்டர் எழும்பியது. சுமார் 4,000 இருக்கைகள். 1970-களில் திரையரங்கு மூடப்பட்டபோது, பக்கத்தில் ஒட்டியிருந்த அலுவலகக் கட்டடத்தின் வாடகைதாரர்கள் கார் நிறுத்த இடம் கேட்டார்கள். தியேட்டரை முழுதாக இடித்தால் அலுவலகக் கட்டடம் ஆட்டம் கண்டுவிடும். எனவே இருக்கைகளைப் பிடுங்கி, அரங்குக்குள்ளேயே கார் நிறுத்தத் தளங்கள் போட்டார்கள். மேலே பூவேலைப்பாடுள்ள சுதைக் கூரை இன்னும் தொங்குகிறது, அதன் கீழே வரிசையாகக் கார்கள். நிலத்துக்கு வேறு எதிலும் வருமானம் இல்லாதபோது கார் நிறுத்துமிடம்தான் கடைசி வியாபாரம். டவுன்டவுனில் ஒவ்வொரு மனையாக அந்த நிலைக்குத்தான் இறங்கியது.

பெரிய கட்டடம் காப்பாற்றுமா?

காப்பாற்றும் என்று நம்பித்தான் முப்பது ஆண்டு ஓடியது. இரண்டாம் ஹென்றி ஃபோர்டு முன்னின்று கட்டிய ரினெய்சன்ஸ் சென்டர் 1977-ல் திறந்தது. ஆற்றங்கரையில் ஒரு 73 மாடி ஹோட்டல், சுற்றி நான்கு 39 மாடிக் கோபுரங்கள். ஆனால் ஜெஃபர்ஸன் அவென்யூ பக்கம், அதாவது நகரம் இருக்கும் பக்கம், பெரிய கான்கிரீட் மேடுகள் வைத்து அடைத்துவிட்டார்கள். வேலைக்கு வருகிறவர் காரை உள்ளேயே நிறுத்தி, உள்ளேயே சாப்பிட்டு, உள்ளிருந்தே வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். தெருவில் கடை வைத்திருந்தவருக்கு அதனால் ஒரு காபி வியாபாரம்கூடக் கூடவில்லை. பழைய கட்டடங்களிலிருந்த அலுவலகங்கள் சில இந்தக் கோபுரங்களுக்கு மாற, அந்தப் பழைய கட்டடங்கள் காலியானதுதான் மிச்சம்.

1987-ல் பீப்பிள் மூவர் என்ற மேம்பால ரயில் வந்தது. டவுன்டவுனைச் சுற்றி 2.9 மைல், ஒரே திசையில். வட்டாரம் முழுவதுக்குமான ரயில் வலைப்பின்னலின் நடுப்புள்ளியாகத் திட்டமிட்டது. வலைப்பின்னல் வரவில்லை, புள்ளி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நகராட்சிக்கு ஒரு பேருந்து நிறுவனம், புறநகருக்கு இன்னொன்று. அதிலும் சேரமாட்டோம் என்று நோவை போன்ற ஊர்கள் பல்லாண்டு காலம் விலகியே இருந்தன. 1999 முதல் சூதாட்ட விடுதிகள் வந்தன. மாநகராட்சிக்கு வரி கிடைத்தது, தெரு மாறவில்லை.

2010-க்குப் பிறகு மாறியது என்ன?

முதலில் ஒரு கருத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்: நிதி இடைவெளி. உதாரணத்துக்கு, ஒரு பழைய கட்டடத்தைச் சீரமைக்க 5 கோடி டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முடித்தபிறகு கிடைக்கக்கூடிய வாடகையை வைத்து மதிப்புப் போட்டால் 3 கோடிதான் தேறுகிறது. வங்கி மதிப்பைப் பார்த்துத்தான் கடன் தரும், செலவைப் பார்த்துத் தராது. அந்த 2 கோடி வித்தியாசத்தை யாராவது போட்டால்தான் வேலை தொடங்கும். வாடகை ஏன் குறைவு? தெரு காலியாக இருப்பதால். தெரு ஏன் காலி? யாரும் சீரமைக்காததால். தனியொரு உரிமையாளரால் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

அவிழ்த்தது ஒரு பெரிய பணப்பை. வீட்டுக் கடன் நிறுவனமான குவிக்கன் லோன்ஸின் டான் கில்பர்ட் 2010-ல் தன் தலைமையகத்தைப் புறநகரிலிருந்து டவுன்டவுனுக்கு மாற்றினார். பிறகு பெட்ராக் என்ற தன் நிறுவனத்தின் பெயரில், அடிமாட்டு விலைக்குக் கிடைத்த கட்டடங்களை வாங்கத் தொடங்கி, நூறைத் தாண்டினார். இது வள்ளல்தனமா, நிலவேட்டையா என்று அங்கே சண்டை ஓயவில்லை. பொருளாதாரத் தர்க்கம் மட்டும் தெளிவானது. ஒரு கட்டடத்தைச் சரிசெய்வதால் பக்கத்துக் கட்டடத்தின் மதிப்பு கூடினால், பக்கத்துக் கட்டடமும் அவருடையதே. காலியான அலுவலகத்தை நிரப்ப அவரிடமே ஊழியர்கள் இருந்தார்கள். புக் டவர் என்ற 1926-ஆம் ஆண்டுக் கோபுரம் 2009-ல் காலியாகி, 2015-ல் பெட்ராக் வசம் வந்து, 30 கோடி டாலருக்கு மேல் செலவில் 2023-ல் திறந்தது. இப்படிப்பட்ட வேலையைச் சாதாரண வங்கிக் கடனில் யாரும் முடித்திருக்க முடியாது.

திவாலுக்கும் இதில் பங்குண்டு. 2014 டிசம்பரில் நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்தபோது கடன் பெருமளவு வெட்டப்பட்டிருந்தது. அறக்கட்டளைகள், மாநில அரசு, கலை அருங்காட்சியகம் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 81.6 கோடி டாலர் திரட்டியதால் அருங்காட்சியகத்தின் ஓவியங்கள் ஏலத்துக்குப் போகவில்லை. ஆனாலும் போலீஸ், தீயணைப்புப் பிரிவு அல்லாத ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் போனது. அவர்களுடைய மருத்துவச் சலுகையில் விழுந்த வெட்டு அதைவிடப் பெரிது. மீட்சிக்கான முதல் தவணையைக் கட்டியவர்கள் அவர்கள். பலன் கண்ணுக்குத் தெரிந்தது விளக்கில்: 2016 முடிவுக்குள் சுமார் 65,000 எல்.இ.டி. தெருவிளக்குகள் நகரெங்கும் எரிந்தன. டவுன்டவுனுக்கு வெளியே இருந்தவர்கள் நேரடியாக உணர்ந்த ஒரு சில மாற்றங்களில் அதுவும் ஒன்று.

கூடிய வரி எங்கே போகிறது?

நிதி இடைவெளியை நிரப்பியதில் அரசுப் பணமும் கணிசம். மத்திய அரசு, பாரம்பரியக் கட்டடங்களைச் சீரமைக்கும் செலவில் 20 சதவீதத்தை வரிக்கழிவாகத் தருகிறது. அதில் பெரிய சர்ச்சை இல்லை. சர்ச்சை எல்லாம் ‘டாக்ஸ் இன்க்ரிமென்ட் ஃபைனான்சிங்’ பற்றித்தான். அது வேலை செய்யும் விதம்:

1. ஒரு பகுதியின் இன்றைய சொத்து வரி வருவாயை அடிப்படை என்று குறித்துக்கொள்வார்கள்.

2. பிறகு அங்கே மதிப்பு உயர்ந்து வரி கூடினால், கூடிய தொகை பொதுக் கஜானாவுக்குப் போகாது. அந்தப் பகுதிக்கென்றே உள்ள ஆணையம் பிடித்துக்கொள்ளும்.

3. ஆணையம் அதை அதே பகுதியின் திட்டங்களுக்கு, அல்லது அவற்றுக்கு வாங்கிய கடனுக்குச் செலவழிக்கும். இது பல பத்தாண்டுகள் நீளலாம்.

டவுன்டவுனுக்கு இப்படியோர் ஆணையம் 1970-கள் முதலே இருக்கிறது. 2017-ல் திறந்த லிட்டில் சீசர்ஸ் விளையாட்டு அரங்கு இந்த வழியில்தான் 30 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் பெற்றது. நகரம் திவால் மனு போட்ட அதே மாதத்தில் மாநில அமைப்பு ஒன்று அதற்கு ஒப்புதல் தந்தது. பள்ளிக்கூடங்களுக்கான வரியின் ஒரு பகுதியும் அதில் அடக்கம்; மாநில அரசு ஈடுகட்டும் என்பது ஏற்பாடு. அரங்கைச் சுற்றி ஐந்து குடியிருப்புப் பகுதிகள் எழும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அரங்கு வந்தது. படத்தில் இருந்த இடங்களில் பெரும்பகுதி கார் நிறுத்துமிடமாகவே நின்றுவிட்டது.

2017-ல் மிச்சிகன் சட்டம் இதை இன்னும் விரித்தது. மிகப் பெரிய திட்டங்களுக்கு, சொத்து வரியோடு அங்கே வேலை பார்ப்பவர்களும் குடியிருப்பவர்களும் கட்டும் மாநில வருமான வரியில் ஒரு பங்கையும் பிடிக்கலாம். ஹட்ஸன்ஸ் இருந்த மனையையும் சேர்த்து பெட்ராக்கின் நான்கு திட்டங்களுக்கு 2018-ல் 61.8 கோடி டாலர் இந்த வகையில் ஒப்புதலானது. 2022-ல் ஹட்ஸன்ஸ் கட்டடத்துக்கு மட்டும் தனியாக இன்னொரு 6 கோடி வரிச்சலுகை.

ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதம்: திட்டமே வராவிட்டால் அந்தக் கூடுதல் வரியும் வந்திருக்காதே, இல்லாத பணத்தை எப்படி இழக்க முடியும்? 2010-ல் இருந்த டவுன்டவுனுக்கு இந்த வாதம் பொருந்தும் என்றே சொல்வேன். வாடகை ஏறி, கட்டடங்கள் நிரம்பிய 2022-க்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. முடிச்சு அவிழ்ந்த பிறகும் முடிச்சுக்கான மருந்தையே கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் சலுகைதான்.

நகரத்துக்கு உண்மையாகவே போய்ச்சேரும் வரவு வருமான வரி. டெட்ராய்ட்டில் வசிப்பவருக்கு 2.4 சதவீதம், வெளியே வசித்து உள்ளே வேலை பார்ப்பவருக்கு 1.2 சதவீதம். டவுன்டவுன் அலுவலகம் ஊருக்குத் தரும் பெரிய நன்மை இதுதான். ஆனால் இது இருக்கையில் ஆள் உட்கார்ந்தால்தான் வரும். 2020-க்குப் பிறகு புறநகர்வாசி வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாள்களுக்கு அவர் டெட்ராய்ட்டுக்கு வரி கட்ட வேண்டியதில்லை.

மீதி 137 சதுர மைல்

டவுன்டவுனில் வரியைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மற்ற தெருக்களில் நேர் எதிரானது நடந்தது. 2008-க்குப் பின் வீட்டு விலைகள் பாதாளத்துக்குப் போயின. வரி மதிப்பீடு சந்தை விலையில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது மிச்சிகன் அரசியல் சாசனம். மாநகராட்சியோ மதிப்பீட்டை உரிய நேரத்தில் குறைக்கவில்லை. 2010 முதல் 2016 வரை வீட்டுக்காரர்களிடம் குறைந்தது 60 கோடி டாலர் அதிகமாக வரி போடப்பட்டதாக டெட்ராய்ட் நியூஸ் நாளிதழ் 2020-ல் கணக்கிட்டது. மூன்று ஆண்டு பாக்கி இருந்தால் மாவட்ட நிர்வாகம் வீட்டைப் பறிமுதல் செய்து ஏலம் விடும். 2011-க்கும் 2015-க்கும் இடையில் நாலில் ஒரு சொத்து அந்தக் கதிக்கு ஆளானது. இரண்டாம் சுற்று ஏலத்தில் ஆரம்ப விலை 500 டாலர்தான். மொத்தமாக வாங்க வந்தவர்கள் வாங்கிப் போட்டார்கள். சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருக்கும் நிலை பலருக்கு வந்தது.

மக்கள்தொகை கூடிய செய்தியை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். ஆறரை லட்சத்தை ஒட்டிய ஊரில் 2023-ல் கூடியது இரண்டாயிரத்துக்கும் குறைவு. சரிவு நின்றது என்பது பெரிய விஷயம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வரி அடித்தளம் மீண்டுவிட்டதற்கு அது சான்றாகாது.

அடுத்த சோதனை

ரினெய்சன்ஸ் சென்டரை 1996-ல் வாங்கிய ஜெனரல் மோட்டார்ஸ், தலைமையகத்தை அங்கிருந்து ஹட்ஸன்ஸ் மனையில் எழும்பிய புதுக் கட்டடத்துக்கு மாற்றப்போவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. டவுன்டவுனுக்குள்ளேயே சில தெரு தள்ளி. ஊருக்குப் புதிதாக ஓர் ஆள் வரவில்லை, 1977-ல் பழைய கட்டடங்கள் காலியான அதே வழியில் இப்போது கோபுரங்கள் காலியாகின்றன. அந்த நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸும் பெட்ராக்கும் ஒரு திட்டம் வைத்தன: ஆற்றுப் பக்கமுள்ள இரண்டு கோபுரங்களை இடித்து, மற்றதைச் சீரமைப்பது. மொத்தச் செலவு 160 கோடி டாலர், அதில் பொதுப்பணமாகக் கேட்டது 35 கோடி.

இனி வரும் செய்திகளில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்தப் பொதுப்பணம் எந்த வரியிலிருந்து வருகிறது. மற்றொன்று, சீரமைத்தபின் கூடும் வரியை எத்தனை ஆண்டுக்கு ஆணையமே பிடித்து வைத்துக்கொள்ளும். தலைப்புச் செய்தியில் இவை இருக்காது, நகர மன்றத் தீர்மானத்தின் பின்னிணைப்பில் இருக்கும்.